டப்ளின் ஐலண்ட்பிரிட்ஜ் போர் நினைவுத் தோட்டம்: கட்டி முடித்த பிறகும் ஏன் அரை நூற்றாண்டு திறக்கவில்லை?

கேள்வி இதுதான்: டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் இருக்கும் போர் நினைவுத் தோட்டத்தை 1930களிலேயே கட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் முறையான திறப்பு 1988-ல்தான் நடந்தது, நடுவில் ஐம்பது வருஷம் என்ன ஆயிற்று, அப்போது ஆட்சியில் இருந்த டி வலேரா வெறுப்பில் பூட்டிப் போட்டுவிட்டார் என்கிறார்களே, அது உண்மையா?

டி வலேரா பூட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைப் பலபேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் பெரும்பகுதி அவர் ஆட்சியில்தான் எழும்பியது, திறப்பு விழாவுக்கும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். நடந்தது வேறு. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டப்ளினில் இரண்டு நினைவுத் தோட்டங்கள் உண்டு. நகரத்துக்குள் பார்னெல் சதுக்கத்தில் இருப்பது அயர்லாந்து விடுதலைக்காக உயிர்விட்டவர்களுக்கானது. 1966-ல், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916-ல் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் 50-வது ஆண்டில், அப்போது ஜனாதிபதியாக இருந்த டி வலேரா திறந்து வைத்தது. நாம் பேசுவது நகரத்துக்கு மேற்கே, லிஃபியின் தென்கரையில், ஃபீனிக்ஸ் பூங்காவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஐலண்ட்பிரிட்ஜ் தோட்டம். இது முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில் செத்துப்போன அயர்லாந்துக்காரர்களுக்கு. இரண்டும் ஒரே நாட்டுக்காரர்களுக்குத்தான், ஒரே பத்து வருஷத்தில் செத்தவர்களும் இரண்டிலும் இருக்கிறார்கள், ஆனால் ஒன்றைத் திறக்க அரசாங்கமே வந்து நின்றது, இன்னொன்றைத் திறக்க ஆள் வர 1988 ஆயிற்று.

1914-ல் போர் தொடங்கியபோது அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. தன்னாட்சிச் சட்டம் நிறைவேறி, போர் முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சமயத்தில், செப்டம்பர் 20-ஆம் தேதி, தேசியக் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட், போரில் சேருங்கள் என்று தன் தொண்டர்களிடம் பேசினார். போரில் தோள் கொடுத்தால் தன்னாட்சி உறுதிப்படும் என்பது அவர் கணக்கு. அதை நம்பிப் போனவர்கள் உண்டு, பெல்ஜியத்தின் மேல் இரக்கப்பட்டுப் போனவர்கள் உண்டு, வீட்டில் அடுப்பெரியக் கூலி வேண்டுமே என்று போனவர்கள் ஏராளம். டப்ளினில் 1913-ல் நடந்த கதவடைப்பில் வேலை பறிபோன குடும்பங்களுக்கு ராணுவச் சம்பளம் சின்ன விஷயமில்லை. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் போரில் இருந்தார்கள். வடக்கே அல்ஸ்டர் பக்கத்துப் புராட்டஸ்டன்டுகள், பிரிட்டனோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகப் போனார்கள். தெற்கே கத்தோலிக்கர்கள், தனியாக வர வேண்டும் என்பதற்காகப் போனார்கள். போய் நின்றது ஒரே பதுங்குகுழி.

அவர்கள் அங்கே இருக்கும்போதே ஊர் மாறிப்போனது. 1916 ஏப்ரலில் டப்ளினில் எழுச்சி, மே மாதத்தில் அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றது பிரிட்டிஷ் ராணுவம், அதோடு மக்கள் மனசு எழுச்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. டாம் கெட்டில் என்று ஒருவர், பொருளாதாரப் பேராசிரியர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், 1914-ல் அயர்லாந்துத் தொண்டர் படைக்குத் துப்பாக்கி வாங்கத்தான் பெல்ஜியம் போயிருந்தார், அங்கே ஜெர்மானியர்கள் செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். எழுச்சிக்குப் பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது: அவர்கள் வீரர்களாகவும் தியாகிகளாகவும் வரலாற்றில் நிற்பார்கள், நான் வெறும் பிரிட்டிஷ் அதிகாரியாகத்தான் மிஞ்சுவேன் என்று சொன்னார். 1916 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரான்சில் சோம் போர்முனையில் ஜின்ச்சி என்ற கிராமத்தில் செத்தார். டப்ளினில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் அவருக்கு மார்பளவு சிலை வைக்க நண்பர்கள் பட்ட பாடு தனிக்கதை, 1937-ல்தான் அது எழுந்தது.

திரும்பி வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். வாத்தியம் முழங்க வழியனுப்பிய தெருக்களில், அதே சீருடை எதிரியின் சீருடையாகிவிட்டது. 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர். ஒப்பந்தத்தில் தெற்கு தனி அரசானது, வடக்கு பிரிட்டனோடு நின்றது. அந்த ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று அப்புறம் ஒரு வருஷம் உள்நாட்டுப் போர்.

நினைவுச்சின்னம் வேண்டும் என்ற பேச்சு இந்தக் கொந்தளிப்புக்கு நடுவில், 1919 ஜூலையில் தொடங்கியது. நாடெங்கிலும் இருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் டப்ளினில் கூடி ஒரு அறக்கட்டளை நிதி தொடங்கினார்கள். முதல் யோசனை டப்ளின் வழியாகப் போகும் சிப்பாய்கள் தங்க ஒரு விடுதி. 1922-ல் பிரிட்டிஷ் ராணுவமே ஊரைவிட்டுப் போன பிறகு விடுதி யாருக்கு? அது கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு உருப்படியான காரியம் நடந்தது. செத்தவர்களின் பெயர்களைத் திரட்டி 8 தொகுதிகளாக 1923-ல் அச்சிட்டார்கள், 100 பிரதிகள் மட்டும். பக்க ஓரங்களுக்கு ஹாரி கிளார்க் சித்திரம் வரைந்தார். இவர் கண்ணாடி ஓவியத்தில் பெரிய கை. அந்த ஓரங்களை உற்றுப் பார்க்க வேண்டும்: முதல் பார்வைக்குப் பழைய அயர்லாந்துச் சுவடிகளில் இருக்கும் பின்னல் கோலம்தான் தெரியும், அப்புறம் அந்தப் பின்னலுக்குள்ளே தொப்பியும் துப்பாக்கியுமாகச் சிப்பாய்களின் நிழலுருக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அந்தத் தொகுதிகளில் இருந்துதான் 49,400 என்ற எண் வந்தது. தோட்டத்துச் சுவரில் வெட்டியிருப்பதும் அதுதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அயர்லாந்துப் படைப்பிரிவுகளில் இருந்த இங்கிலாந்துக்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் பெயர்களும் அதில் கலந்திருக்கின்றன. அயர்லாந்தில் பிறந்தவர்கள் என்று மட்டும் பார்த்தால் 30,000-க்கும் 35,000-க்கும் இடையில் என்பதுதான் இன்றைய வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. அதனால் எண்ணிக்கை பொய் என்று சிலர் குதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையில் சேர்ந்து கலிபோலியில் செத்த லிவர்பூல் பையன் ஒருவனின் பெயர் இந்தச் சுவரின் கணக்கில் இருப்பதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

அடுத்து, எங்கே வைப்பது என்ற சண்டை. 1920களின் நடுவில் மெரியன் சதுக்கத்தை வாங்கி நினைவுப் பூங்காவாக மாற்றலாம் என்ற திட்டம் வந்தது. நல்ல நடு ஊர், அகலமான சதுக்கம். பிரச்சினை அது நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே இருப்பதுதான். 1927 மார்ச்சில் இதைப் பற்றிய விவாதத்தில் அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ் எழுந்து எதிர்த்தார். அவருடைய சகோதரர்களில் ஒருவரே அந்தப் போரில் செத்தவர், அதனால் இவரை வெறுப்பாளர் என்று யாரும் தள்ளிவிட முடியாது. செத்தவர்களின் தியாகத்தையும் நல்ல நோக்கத்தையும் யாரும் மறுக்கவில்லை, ஆனால் இந்த அரசு அவர்கள் தியாகத்தின் மேல் கட்டப்பட்டதல்ல, அப்படித் தோன்றும்படி ஒரு சின்னம் இங்கே வேண்டாம் என்றார். என்னைக் கேட்டால் அந்த விவாதத்திலேயே நேர்மையான பேச்சு அதுதான், வலிக்கிற நேர்மை. நான்கு மாதம் கழித்து அவரையே டப்ளின் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். மெரியன் சதுக்கத்தைப் பின்னால் 1930-ல் கத்தோலிக்கத் திருச்சபை பேராலயம் கட்ட வாங்கியது, பேராலயமும் வரவில்லை, 1974-ல் அது ஊர்ப் பூங்காவாக மக்கள் கைக்கு வந்தது.

ஐலண்ட்பிரிட்ஜ் நிலத்தைக் கொடுத்தது அப்போது ஆட்சித் தலைவராக இருந்த டபிள்யூ.டி. காஸ்கிரேவ், 1929-ல். இந்த மனிதர் யார் என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். 1916 எழுச்சியில் சவுத் டப்ளின் யூனியன் என்ற ஏழைகள் இல்ல வளாகத்தில் நின்று சண்டை போட்டவர். பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அப்புறம் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்ததால் பிழைத்தவர். அந்த வளாகத்தில் அவர் மேல் பாய்ந்து வந்த படை ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட், அதாவது பிரிட்டிஷ் சீருடையில் இருந்த அயர்லாந்துக்காரர்கள். பதின்மூன்று வருஷம் கழித்து, அதே இடத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அந்தச் சிப்பாய்களுக்கு அவரே இடம் ஒதுக்குகிறார். நிலம் மட்டுமில்லை, அரசுப் பணமும் சேர்ந்தது. அறக்கட்டளை சார்பில் முன்நின்று நடத்தியவர் ஆண்ட்ரூ ஜேம்சன், ஜேம்சன் விஸ்கிக் குடும்பத்துக்காரர்தான்.

வேலை 1931 கடைசியில் தொடங்கியது. வேலையில்லாக் கொடுமை உச்சத்தில் இருந்த காலம், அதனால் முன்னாள் ராணுவத்தினருக்குத்தான் வேலை என்று முடிவு செய்தார்கள். அதிலும் பாதிப்பேர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள், பாதிப்பேர் புதிய அயர்லாந்து ராணுவத்தில் இருந்தவர்கள். நிறையப் பேருக்கு நிறைய நாள் கூலி கிடைக்க வேண்டும் என்பதற்காக இயந்திரங்களை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார்கள். பாலிநாக்கன், பார்னகல்லா மலைக் குவாரிகளில் இருந்து வந்த கிரானைட் பாளங்கள் ஒவ்வொன்றும் 7 டன், 8 டன். அதைக் கம்பமும் கயிறும் கட்டி, ஆள் பலத்தாலேயே தூக்கி இடத்தில் உட்கார வைத்தார்கள். நம் ஊரில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடம் பிடிக்கிறவன் எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், ஒருவன் விட்டால் இன்னொருவன் கை போகும். வேறு வேறு சீருடையில் நின்றவர்கள் 1932-ல் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் தீராத வழக்கு அது. இந்தத் தோட்டத்தின் முழு வரலாற்றிலும் என்னை மறுபடி மறுபடி இழுப்பது இந்த இடம்தான்.

தோண்டும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. 1930களில் இந்த வேலை நடந்த இடத்தில் வைக்கிங் கல்லறைகள் கிடைத்தன, ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. கடல் கடந்து சண்டைக்கு வந்து இங்கேயே புதைந்த வீரர்களின் எலும்பு, கடல் கடந்து சண்டைக்குப் போய் அங்கேயே புதைந்தவர்களுக்குத் தோட்டம் போடும்போது.

வடிவமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். நமக்குத் தெரிந்த பெயர், புது டெல்லியை வரைந்தவர், இந்தியா கேட் அவருடையது. அதுவும் முதல் உலகப்போரில் செத்த இந்தியச் சிப்பாய்களுக்காகக் கட்டியதுதான், 1931 பிப்ரவரியில் திறந்தார்கள். அதே வருஷக் கடைசியில் இங்கே கடப்பாரை விழுகிறது. லுட்யன்ஸின் அம்மா அயர்லாந்துக்காரர். டெல்லியில் அவர் வானத்தைப் பார்த்துக் கட்டினார், 42 மீட்டர் உயரம். டப்ளினில் பூமிக்குள் இறங்கினார். பச்சைப் புல்வெளி, நடுவில் நினைவுக் கல், இரண்டு பக்கமும் நீர்த்தொட்டி, தொட்டி நடுவில் மெழுகுவத்திபோல ஊசித்தூண். மேலே படி ஏறினால் பெரிய சிலுவை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு கிரானைட் அறைகள், அயர்லாந்தின் நான்கு மாகாணங்களுக்கு. பெயர்த் தொகுதிகளை வைக்கத்தான் இவை, அதனால் புத்தக அறை என்றே பெயர். அறைகளுக்கு இடையே கல்தூணும் ஓக் விட்டமுமாகக் கொடிப்பந்தல், அதைத் தாண்டிப் படிப்படியாகக் கீழே இறங்கும் இரண்டு ரோஜாத் தோட்டங்கள், அடியில் அல்லிக்குளம். மேலே நிற்கும்போது பக்கத்துப் பெரிய ரோட்டின் வண்டிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரோஜாப் பாத்திக்கு இறங்க இறங்க அது அடங்கும், கடைசிப் படியில் தேனீயின் ரீங்காரம்தான்.

அந்த நினைவுக் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க ஒரு பெரிய மேசைபோல இருக்கும், ஏழரை டன், சுமார் 12 அடி நீளம், அதில் சிலுவையோ மதக்குறியோ எதுவும் கிடையாது. உலகம் முழுக்கப் பிரிட்டிஷ் போர்க் கல்லறைகளில் லுட்யன்ஸ் வைத்த அதே வடிவம். நேர்க்கோடாகத் தெரியும், ஆனால் அதில் நேர்க்கோடே இல்லை. ஒவ்வொரு பக்கமும் லேசாக வளைந்திருக்கும், அந்த வளைவை நீட்டிக்கொண்டே போனால் 1,800 அடிக்கும் மேல் குறுக்களவுள்ள ஒரு கோளம் வரும். கண்ணால் பார்த்தால் தெரியாது. விளிம்பில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், அப்போது நடுவில் அது மேடேறுவது தெரியும். மழை பெய்து நின்ற நேரத்தில் தண்ணீர் மேலே தேங்காமல் இரண்டு பக்கமும் வழிந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, டி வலேராவுக்கு வருவோம். 1932 தேர்தலில் காஸ்கிரேவைத் தோற்கடித்து அவர் ஆட்சிக்கு வந்தார். உள்நாட்டுப் போரில் இருவரும் எதிரெதிர் அணி. முந்தைய ஆட்சி தொடங்கிய வேலை, அதுவும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினால் அவர் கட்சியில் கைதட்டத்தான் செய்திருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. 1930களின் கடைசியில் வேலை முடிந்தது, 1939 கோடையில் திறப்பு என்று பேசி முடித்தார்கள். அந்த ஏப்ரலில் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேர்க்கையை அறிவித்தது, வட அயர்லாந்துக்கும் அது வருமோ என்று தீவு முழுக்கக் கொதித்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் செத்தவர்களுக்கு விழா எடுக்க அந்த நேரம் ஆகாது என்று டி வலேரா தள்ளி வைத்தார். தள்ளி வைத்தது சில மாதத்துக்கு. செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது, அயர்லாந்து நடுநிலை, விழாப் பேச்சே எழவில்லை. அப்புறம் அதை யாரும் எடுக்கவும் இல்லை.

திறக்கவில்லை என்றால் யாரும் போகவில்லை என்று அர்த்தமில்லை. முன்னாள் சிப்பாய்கள் வருஷா வருஷம் நவம்பரில் கூடினார்கள். 1920களிலேயே அந்தக் கூட்டங்கள் பெரியவை, 1924-ல் டிரினிட்டி கல்லூரி முன்னால் சுமார் 50,000 பேர் திரண்டார்கள். அன்று அங்கே வைத்தது ஜின்ச்சியில் இருந்து கொண்டுவந்த மரச்சிலுவை, 13 அடி உயரம், போர்முனையிலேயே இடிந்த பண்ணை வீட்டு உத்தரத்தில் செய்தது. கலவரத்துக்குப் பயந்து 1926 முதல் கூட்டத்தை ஃபீனிக்ஸ் பூங்காவுக்குத் தள்ளினார்கள். போரில் செத்தவர்கள் நினைவாகச் சட்டையில் குத்திய சிவப்புப் பாப்பிப் பூவைத் தெருவில் பறித்துக் கிழிப்பார்கள், பறிக்க வருபவன் விரலில் படட்டும் என்று பூவுக்குப் பின்னால் சவரப் பிளேடைச் செருகிக்கொண்டு போனவர்கள் உண்டு. 1940 நவம்பரில் முதல்முறையாக ஐலண்ட்பிரிட்ஜில் கூடினார்கள். ஜின்ச்சிச் சிலுவையும் இப்போது புத்தக அறை ஒன்றில்தான் இருக்கிறது. 1956 கிறிஸ்துமஸ் இரவில் ஒரு குண்டு, 1958 அக்டோபரில் இன்னொன்று, இரண்டுக்கும் அந்தக் கிரானைட் அசைந்து கொடுக்கவில்லை.

குண்டு செய்யாததைக் கவனிப்பின்மை செய்தது. 1969-ல் வட அயர்லாந்தில் கலவரம் வெடித்ததும் நவம்பர்க் கூட்டமும் நின்றுபோனது. அப்புறம் பதினைந்து வருஷம் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். பராமரிக்கப் பணம் ஒதுக்கவில்லை, பந்தல் விட்டங்கள் உளுத்தன, குளம் வற்றியது, கல்லில் கிறுக்கினார்கள், குதிரைகள் மேய்ந்தன, ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 49,400 பேருக்கான தோட்டம் குப்பைமேடாகக் கிடந்தது. முன்னாள் சிப்பாய்கள் பலர் அதைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடியிருப்பார்கள்.

1980களின் நடுவில் அரசுப் பொதுப்பணித் துறையும், தெற்கு வடக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்த நினைவுக் குழுவும் சேர்ந்து சீரமைக்கத் தொடங்கின. வேலை நடந்துகொண்டிருக்கும்போது, 1987 நவம்பர் 8, வட அயர்லாந்தில் எனிஸ்கிலன் ஊரில் போர் நினைவுச்சின்னத்தின் பக்கத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டு வெடித்து, அஞ்சலி செலுத்த வந்த 11 பேர் அங்கேயே செத்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். தெற்கே டப்ளினிலும் வெட்கமும் துக்கமுமாக இருந்தது. அடுத்த வருஷம், 1988 செப்டம்பர் 10, நான்கு திருச்சபைகளின் பிரதிநிதிகள் வந்து ஐலண்ட்பிரிட்ஜை அர்ப்பணித்தார்கள். அந்த மாற்றத்துக்கு எனிஸ்கிலன்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், சீரமைப்பு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனால் இனி இந்தச் செத்தவர்களைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது என்ற எண்ணம் ஊருக்கு அப்போதுதான் வந்தது என்பது என் கருத்து.

அதன் பிறகு வேகமாக நடந்தது. 1995-ல் பிரதமர் ஜான் புரூட்டன் இங்கே அரசு சார்பில் அஞ்சலி செலுத்தினார். 2006 ஜூலை 1, சோம் போரின் 90-வது ஆண்டு நாளில் ஜனாதிபதி மேரி மெக்அலீஸ் வந்தார். 2011 மே 17 அன்று எலிசபெத் ராணி பார்னெல் சதுக்கத் தோட்டத்தில், தன் நாட்டுக்கு எதிராகப் போராடிச் செத்தவர்கள் முன் தலைகுனிந்தார், மறுநாள் 18-ஆம் தேதி மெக்அலீஸோடு சேர்ந்து ஐலண்ட்பிரிட்ஜில் மலர்வளையம் வைத்தார். இரண்டு தோட்டமும், இரண்டு நாள், அடுத்தடுத்து. லுட்யன்ஸ் வரைந்ததில் ஆற்றின் குறுக்கே ஃபீனிக்ஸ் பூங்காவோடு இணைக்கும் பாலமும் உண்டு, 1930களில் அது எழவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூன், ஜூலையில் போங்கள், ரோஜா நிறைந்திருக்கும். புத்தக அறைகள் பூட்டியிருக்கும், ஹாரி கிளார்க் ஓரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். இறங்க வேண்டியது ஹியூஸ்டன் ரயில் நிலையம், அங்கிருந்து மேற்கே நடந்தால் இருபது இருபத்தைந்து நிமிஷம். தோட்டத்தை ஒட்டிப் போகும் அந்தப் பெரிய ரோட்டின் பெயர் கான் கோல்பர்ட் ரோடு. ஹியூஸ்டனும் கோல்பர்ட்டும் 1916 எழுச்சியில் நின்ற பையன்கள், இருவரையும் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது ஒரே நாளில், மே 8-ஆம் தேதி. அந்த ரயில் நிலையத்தில் இறங்கி, அந்த ரோட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இந்தத் தோட்டத்துக்குள் நுழைய வேண்டும்.